தகப்பன் பெயர்: சொல்ல மறுத்தாள்

மே 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மூட்டம். மூன்று நாள் துணி கொடியிலேயே. சர்ச்சுக்குப் போகவில்லை, மழை என்று எனக்கே பொய். மழை பத்து மணிக்குத்தான் வந்தது.

செய்ய வேண்டியவை:
கணக்கெடுப்புப் பை, அடையாள அட்டை எடுத்து வைக்க.
செருப்பு வார்.
இல்லத்து மேனேஜருக்குப் போன் (மூன்றாவது தடவை).
அப்பாவோடு சண்டை. முடிந்தது.

அம்மா நேற்று போனில் அழுதாள். கண் ஆஸ்பத்திரியில் அப்பா செய்த கூத்து. இரண்டு கண்ணிலும் புரை. நாள் குறித்து, ரத்தம் எல்லாம் எடுத்து, உள்ளே கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. ஃபாரம் எழுதுகிற பெண் "தகப்பனார் பேர் சொல்லுங்க ஐயா" என்றிருக்கிறாள். "இல்லை" என்றாராம். "இறந்திருந்தாலும் பேருன்னு ஒண்ணு இருக்குமில்லீங்களா?" அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இவர் எழுந்து, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட்டம்.

ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம். அதற்காக மனிதர் குருடாகப் போகத் தயார்.

இது புதிதும் இல்லை. அப்பா வளர்ந்தது மலைக்குக் கீழே ஒரு குழந்தைகள் இல்லத்தில். ஐந்து வயதில் யாரோ கொண்டுவந்து விட்டது. அப்போது இல்லத்து ஐயா பெயர் ஞானமுத்து. அதனால் அங்கே வளர்ந்த அத்தனை பையன்களுக்கும் இனிஷியல் ஞா. இவரும் ஞா. டேவிட். பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கரண்ட் ஆபீஸ் லைன்மேன் வேலை, எல்லாவற்றிலும் தகப்பன் பெயர் ஞானமுத்து. ஓய்வுபெற்ற அன்று கழுத்து மாலையோடு வீட்டுக்கு வந்து, "இனி அந்தாளு பேரை எழுத மாட்டேன், எழுதின பொய் போதும்" என்றார். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் அந்தக் கட்டம் காலி. பேங்க்கில் சண்டை. ரேஷன் கடையில் சண்டை. இப்போது ஆஸ்பத்திரி.

போன் போட்டேன்.

"அப்பா, இல்லத்துப் பதிவேட்டைப் பார்க்கணும். உங்க கையெழுத்து வேணுமாம்."

"எதுக்கு?"

"உங்கப்பா யாருன்னு பார்க்கத்தான்."

"யாரு கேட்டா உன்னை? கண்ணு போனா எனக்குத்தானே போவுது? உனக்கென்ன வந்துச்சு?"

கட்.

பிடிவாதம். எனக்கும் அதே பிடிவாதம். அவர் யாரிடமிருந்து வாங்கினார் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு வருடம் முன்பு இடமாறுதல் பட்டியலில் இந்த மலையை நானாகக் கேட்டு வாங்கினேன். கூட நின்ற டீச்சர்கள் "ஐயோ, மலைக்கா?" என்று உச்சுக்கொட்டினார்கள். அப்பாவின் ஊர் என்று எனக்குத் தெரிந்தது ஒரே சொல், கொல்லிமலை. அதையும் சொன்னது அம்மா. வந்து இரண்டு வருடமாகப் பாடம் நடத்தினேன், பலாப்பழம் தின்றேன், ஆறாம் வகுப்புக்கு விடைத்தாள் திருத்தினேன். தேடவில்லை. பயம் என்றுதான் சொல்ல வேண்டும். இனி விட மாட்டேன்.


மே 4, திங்கள்

முதல் பஸ்ஸில் கீழே. எழுபது வளைவும் இறங்குவதற்குள் பக்கத்து சீட் அம்மா என் தோளில் தூங்கிவிட்டார். காரவள்ளியில் டீ. அங்கிருந்து மாவட்ட அலுவலகம்.

என் யோசனை இதுதான். சர்க்கார் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் எண்ணுகிறது. அப்பா பிறந்த காலத்திலும் எண்ணியிருக்கும். மலையில் ஒரு வீட்டில் தகப்பன், தாய், ஒரு சின்னப் பையன் என்று எழுதியிருப்பார்கள். பெயரோடு. அந்தத் தாள் எங்காவது இருக்கும்.

அலுவலகத்தில் ஒரு வயதான எழுத்தர். நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். பழைய தொகுப்பு ஒன்றை எடுத்து தூசி தட்டி விரித்தார். நாடு வாரியாக (மலையில் ஊர்த் தொகுப்புக்கு நாடு என்று பேர்) ஆண் இத்தனை, பெண் இத்தனை, படித்தவர் இத்தனை. அவ்வளவுதான்.

"பேர் எங்கேங்க?"

"பேரெல்லாம் வெக்கறதில்லீங்க மேடம். எண்ணி முடிச்சதும் அந்தத் தாளையெல்லாம் அழிச்சுருவாங்க. எண்ணிக்கை மட்டுந்தான் நிக்கும்."

"அப்ப எங்க தாத்தா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விரலை அந்த எண் மேல் வைத்தார். "இதுல ஒருத்தருங்க."

சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் நானே ஆலத்தூர் நாட்டில் அதே வேலை பார்க்கப் போகிறேன். வீடு வீடாகப் பெயர் கேட்டு எழுதி, கடைசியில் இவருக்கு ஒரு எண் கொடுக்க. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வரும்போது ஒரு கிலோ தக்காளி வாங்கி, பஸ்ஸில் மிதிபட்டு, பாதி நாசம்.


மே 6, புதன்

வெயில். துணி காய்ந்தது. இல்லத்துக்குப் போய்வந்தேன்.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அனுமதிக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். ஞா. டேவிட். சின்ன வயதில் மார்க் ஷீட்டில் போட்டுப் பழகிய கை. ஆண்டவர் மன்னிப்பார். அப்பா மன்னிக்க மாட்டார்.

மேனேஜர் சின்னப் பையன்போல இருக்கிறான், வயது முப்பதுக்குள். கழுத்தில் அட்டை. "பழைய ரெக்கார்டெல்லாம் கான்ஃபிடென்ஷியல் மேம்." மூன்று தடவை போனில் சொன்னதையே நேரிலும். கடிதத்தைக் காட்டினேன். "சார் நேர்ல வரலீங்களா?" கண் தெரியவில்லை என்றேன். அது பொய்யில்லை.

தடி பைண்டு போட்ட பதிவேடு. கரையான் ஓரம் தின்றிருக்கிறது. போட்டோ எடுக்கக் கூடாதாம், பார்த்து எழுதிக்கொள்ளலாமாம். எழுதியது இப்படியே:

பெயர்: அறப்பளி (அடித்து, மேலே டேவிட்).
வயது: சுமார் 5.
ஊர்: கொல்லிமலை, வளப்பூர் நாடு.
தாய்: இறப்பு.
தகப்பன்: இறப்பு.
கொண்டுவந்தவர்: பாவாயி, சின்னம்மா முறை (சிற்றப்பன் மனைவி).
தகப்பன் பெயர்: சொல்ல மறுத்தாள்.

அறப்பளி. என் அப்பாவின் பெயர் அறப்பளி. வளப்பூர் நாட்டில் கோயில் கொண்ட சாமியின் பெயர். என் வகுப்பிலேயே இரண்டு அறப்பளி. தினமும் "அறப்பளி, கடைசி பெஞ்சில் என்ன பேச்சு" என்று கத்தியிருக்கிறேன்.

கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மறுத்தார் என்றுகூட இல்லை. மறுத்தாள். சரி, போகட்டும், அவளும் அதற்குத் தகுந்தவள்தானே! பெற்றவர்கள் செத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். விட்டுவிட்டுப் போகிறாள். சோறு போட முடியவில்லை, புரிகிறது. ஒரு பெயரைக் கொடுக்கக் கூடவா முடியவில்லை? அதற்கு அரிசி வேண்டுமா, துணி வேண்டுமா? எவன் பிள்ளை என்று வாயால் சொல்ல வெட்கமா? இல்லை, பின்னால் தேடிக்கொண்டு வந்துவிடுவான், நிலத்தில் பங்கு கேட்பான் என்று பயமா?

மேனேஜர் பையன் தண்ணீர் கொடுத்தான். "நிறைய பேருக்கு இப்படித்தாங்க மேம் இருக்கும். சில கேஸ்ல கல்யாணம் ஆகாத..." என்று இழுத்தான். முறைத்தேன். நிறுத்திக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் நானும் நினைத்தேன். அவனை முறைத்தது அநியாயம்.


மே 7, வியாழன்

தூறல். வளப்பூர் நாட்டுக் கணக்கெடுப்பு பார்க்கும் கலா டீச்சரிடம் கேட்டேன். உங்க பக்கம் பாவாயி என்று எண்பது வயதுக்கு மேல் யாராவது வந்தால் சொல்லுங்க என்று. "ஏனுங்க ஸ்டெல்லா, வெளியே சொல்லக் கூடாதுன்னு உறுதிமொழி எடுத்திருக்கோமே, எப்படீங்க சொல்றது?" அவர் சொன்னது சரி. இருந்தாலும் டிபன் பாக்ஸைப் படாரென்று மூடினேன்.

ஞாயிறு நானே போகிறேன். கிழவி உயிரோடு இருந்தால் கேட்பதற்கு மூன்று கேள்வி:
1. ஏன் விட்டீர்கள்?
2. ஏன் பெயர் சொல்லவில்லை?
3. ஏன் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை?


மே 8, வெள்ளி

கணக்கெடுப்பு முதல் நாள். வெயிலும் மழையும் மாறி மாறி. ஆலத்தூர் நாட்டில் மேட்டுத் தெருவில் பதினோரு வீடு. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே ஒரு மரவள்ளிக் காடு. செருப்பு வார் அறுந்தே விட்டது. (தைக்கச் சொல்லி எழுதி வைத்தால் மட்டும் போதுமா?)

ஏழாவது வீட்டில் ஒரு கிழவி. தனியாக இருந்தாள், வீட்டுக்காரர் வெளியே. கணக்கெடுப்பு இப்போது போனில்தான், குடும்பத் தலைவர் பெயர்க் கட்டம் நிரம்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்க?"

கிழவி சிரிக்கிறாள். முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

"சொல்லுங்க ஆத்தா, நேரமாச்சு."

"அதெப்படீங்க சொல்றது?"

இந்தக் காலத்திலுமா! காலில் செருப்பில்லை, வயிற்றில் காலைச் சோறில்லை. எரிச்சலாக வந்தது. சரி, பக்கத்து வீட்டையாவது முடிப்போம் என்று பூட்டிய வீட்டைக் காட்டி, அது யார் வீடு என்றேன்.

"அது எங்க மூத்தாரு ஊடுங்க."

"அவர் பேர்?"

"மூத்தாரு பேரைப் போயி என்னைக் கேக்கறீங்களே! புருசன் பேரைக் கூட ஆத்திர அவசரத்துக்குச் சொல்லிப் போடலாம். புருசனோட அண்ணன் பேரைச் சொன்னா நாக்கு அழுகிப் போகுமுங்க."

நோட்டில் கிறுக்கினேன்: வீடு 7, 8. பெயர் சொல்ல மறுத்தார். பின்னர் வர வேண்டும்.

அப்போது பலா மரத்தின் மேலிருந்து ஒரு குரல். காய் இறக்கிக்கொண்டிருந்த ஆள். "ஏனுங்க டீச்சர், அதை எங்க கிட்டக் கேளுங்க! அவுங்க ஊட்டுக்காரரு ராமன், மூத்தாரு பெரியசாமி!" கிழவி மேலே பார்த்து, "ஆமா, அவன் சொல்றதுதான்" என்றாள் நிம்மதியாக. எழுதிக்கொண்டேன். அவள் கை நிறையப் பலாச்சுளை இலையில் வைத்துக் கொடுத்தாள். தின்றேன். நடந்தேன்.


அதே நாள், மாலை

நோட்டைப் பார்த்து விவரம் சரிபார்க்க உட்கார்ந்தேன். என் கையெழுத்து. "சொல்ல மறுத்தார்."

புதன்கிழமை எழுதிய பக்கத்தைத் திருப்பினேன். சொல்ல மறுத்தாள்.

சின்னம்மா. தகப்பனின் தம்பி பெண்டாட்டி. அப்படியென்றால் பையனின் தகப்பன் அவளுக்கு யார்?

மூத்தார்.

அட கடவுளே.

அவள் வெட்கப்படவில்லை. ஒளிக்கவில்லை. நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த மலையில் எந்தப் பெண்ணுக்கும் வராது. எதிரே உட்கார்ந்து பேனா பிடித்தவனுக்கு இது தெரியாதா? அவன் என்ன வெள்ளைக்காரனா? அவன் வீட்டிலும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள். அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாளா? "ஏம்மா, சொல்லக் கூடாத முறையா?" என்று ஒரு கேள்வி. வாசலில் போகிற எவனையாவது கூப்பிட்டு, "இந்த அம்மா பக்கத்தில் நின்னு விசாரி" என்று ஒரு வார்த்தை. மாட்டானே! மறுத்தாள் என்று எழுதுவது சுலபம். அடுத்த பிள்ளையைக் கூப்பிடலாம்.

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இன்று காலை நான் எழுதியதும் அதேதான். மரத்தில் ஒரு ஆள் இருந்தான், தப்பித்தேன். என் அம்மா நாற்பது வருடமாக அப்பாவை "ஸ்டெல்லா அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். டேவிட் என்று அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. வீட்டிலேயே இருந்தது. படித்த முட்டாள்.

வரியை அடித்தேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஆனாலும் ஒன்றாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் அப்படியே இருக்கின்றன. அதற்கு மூத்தார் சாக்கு ஆகாது.


மே 10, ஞாயிறு

இன்றும் சர்ச் இல்லை. வளப்பூர் நாட்டுக்கு ஒன்பது மணி பஸ். கூட்டம், மேலே பலாக்காய் மூட்டைகள். கண்டக்டரிடம் பாவாயி வீடு எங்கே என்றேன். "எந்தப் பாவாயிங்க? தெருவுக்கு நாலு பாவாயி." எண்பதுக்கு மேல் இருக்கும் என்றேன். பஸ்ஸே சேர்ந்து யோசித்தது. ஒருவர் "அது நம்ம செல்லமுத்து அம்மா" என்றார். இறங்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் கத்தி இறக்கிவிட்டார்கள்.

செல்லமுத்து வீட்டுக்கு வெளியே மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அறுபதை ஒட்டிய வயது. என் பையைப் பார்த்ததும், "கணக்கு நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாங்களே டீச்சர்" என்றார். உங்க அம்மாவைப் பார்க்கணும் என்றேன். பாவாயி உள்ளே முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லி. நேரான முதுகு. காது நன்றாகக் கேட்கிறது.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அறப்பளின்னு ஒருத்தரைத் தெரியுங்களா?"

"ஊட்டுக்கு ஒரு அறப்பளி இருக்கறான். எந்த அறப்பளி?"

"கீழே இல்லத்துல நீங்க விட்டுட்டு வந்த அறப்பளி."

முறம் நின்றது.

"உசுரோட இருக்கறானா?"

"நான் அவர் பொண்ணு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து வரவில்லை, அழவில்லை. முறத்தை மட்டும் கீழே வைத்தாள். அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. கொட்டிவிட்டேன். ஏன் விட்டீங்க, உங்க பிள்ளைங்களை விட்டீங்களா, அவரை மட்டும் ஏன், ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தீங்களா, அவர் அறுபது வருஷமா யாருமில்லைன்னு நினைச்சுட்டு இருக்காரு, இன்னைக்குக் கண்ணு போகுது அவருக்கு. செல்லமுத்து வாசலில் மண்வெட்டியோடு நின்றார்.

நான் மூச்சு வாங்கும்வரை பாவாயி காத்திருந்தாள்.

"வந்தேனே சாமி."

"எங்கே வந்தீங்க?"

"அடுத்த வருசம். பலாப் பழுக்கற மாசம். ஒரு பழத்தைத் தலையில வெச்சுக்கிட்டு இறங்கிப் போனேன். அப்ப ஏது பஸ்ஸு? கேட்டுல ஒருத்தன் யாரைப் பாக்கோணும்னான். அறப்பளியைன்னேன். அப்படி யாரும் இங்க இல்லேன்னு போட்டான்."

டேவிட் ஆக்கிவிட்டார்களே. எப்படி இருப்பான் அறப்பளி?

"அவுங்கப்பன் பேரைச் சொல்லு, நோட்டுல பாக்கறேன்னான். நான் எப்படிச் சொல்லுவேன்? பசங்களை ஒருக்கா வெளியே உடு, நானே கை காட்டறேன்னேன். போ போன்னு தொரத்துனான். உச்சிப் பொழுது வரைக்கும் உக்காந்திருந்தேன். பழத்தைக் கேட்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டு வந்துட்டேன்."

"உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே? அவர் சொல்லியிருப்பாரே!"

"அவருதானே உட்டுட்டு வரச் சொன்னவரு!" கத்தினாள். அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கிருந்தோ. "பையனைப் பெத்தவ சன்னி கண்டு போயிட்டா. அவுங்கப்பன் மிளகு பறிக்க ஏறி மரத்துல இருந்து உழுந்தாங்க. ரெண்டு நாளு கெடந்து போயிட்டாங்க. எனக்கு ரெண்டு கைப்புள்ளை. அந்த வருசம் சாமை வெளையலை. நீ போயி உடறியா, இல்லே நான் எங்காச்சும் கொண்டு போயி உடட்டுமான்னாரு. எங்காச்சுமுன்னா எங்க? நானே போறேன்னு போனேன். சோறு போடற எடமாப் பாத்து உட்டேன்."

அப்பா முப்பத்து நாலு வருடம் கம்பம் ஏறியவர். தகப்பன் எப்படிச் செத்தார் என்று தெரிந்து ஏறினாரா, தெரியாமலா?

பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். மறுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று. செல்லமுத்து ஒருமுறை திருப்பிக் கேட்டார். பாவாயிக்கு ஒரே தடவையில் புரிந்தது.

"நானா? நானா மறுத்தேன்? மறுக்கறது வேற சாமி, வாய் வராதது வேற. எழுதுனவன் கையில..." அதற்கு மேல் அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நல்ல வசவு. மனதுக்கு இதமாக இருந்தது.

"பையன் சொல்லுவான்னுதானே கூட்டிட்டுப் போனேன். அஞ்சு வயசு, நல்லாப் பேசுவான். எறங்கற வழியெல்லாம் கேட்டுட்டே போனேன். அங்க உங்கப்பன் பேரு கேப்பாங்க, நீ என்ன சொல்லுவேன்னு. எங்கப்பன் பேரு இதுன்னு சொல்லிட்டே வந்தான். பாறைக்குப் பாறை சொன்னான். அங்க போயி நின்னதும் வாயைத் தெறக்கலை. சொல்லு சாமி, சொல்லு சாமிங்கறேன். கிள்ளிக்கூடப் பாத்தேன். கல்லாட்டம் நிக்கறான்."

"இப்ப நீங்க சொல்லுங்க. என்ன பேர்?"

வாயை மூடிக்கொண்டாள்.

"அவுங்க செத்து அறுபது வருஷம் ஆச்சுங்களே!"

"செத்துட்டா மூத்தாரு இல்லேன்னு ஆயிருமா?"

அடிக்கலாமா, கும்பிடலாமா என்று தெரியவில்லை. செல்லமுத்து தொண்டையைக் கனைத்தார். "சடையன்ங்க. எங்க பெரியப்பன் பேரு சடையன்."

அவள் தலையை ஆட்டினாள். "அதேதான்."

சடையன். நாலே எழுத்து.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது பாவாயி என் முழங்கையைப் பிடித்து, "அவன் எனக்குப் பேரன் பேத்தி எத்தனைன்னு கேட்டா ஒம்பதுன்னு சொல்லு. இப்பப் பத்து" என்றாள். கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முழங்கை இன்னும் வலிக்கிறது, அப்படி ஒரு பிடி.


மே 11, திங்கள்

நல்ல மழை. மதியம் வரை டவர் இல்லை. அதுவரை இல்லத்து மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். அந்த வரிக்குக் கீழே, "மறுக்கவில்லை, முறை காரணமாகச் சொல்ல இயலவில்லை, தகப்பன் பெயர் சடையன்" என்று எழுதி முத்திரை போட வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பினேன். பதில் ஐந்து நிமிடத்தில்: "பழைய பதிவுகளைத் திருத்த விதி இல்லை மேம்." விடுவேனா பார்.

மாலை நாலு மணிக்கு மழை விட்டது. அப்பாவுக்குப் போன். திட்டினால் திட்டட்டும் என்று கையெழுத்துப் போட்டதிலிருந்து ஆரம்பித்தேன். திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. நிறுத்தாமல் சொன்னேன். பாவாயி இருக்கிறாள். மறுக்கவில்லை. மூத்தார் பேர். அடுத்த வருடம் பலாப்பழத்தோடு வந்தாள், அறப்பளி என்று யாருமில்லை என்று துரத்திவிட்டார்கள்.

"வந்துச்சா?"

"வந்தாங்கப்பா. உச்சி வரைக்கும் உக்காந்திருந்தாங்களாம்."

கட் பண்ணவில்லை. நானே தொடர்ந்தேன்.

"உங்களைத்தான் சொல்லச் சொன்னாங்களாம். வழியெல்லாம் சொன்னீங்களாமே. அங்கே போனதும் பயந்து மறந்துட்டீங்களா?"

"மறக்கலை."

"பின்னே?"

"பேரைச் சொன்னா இங்க சேத்துக்குவாங்க சாமி, சோறு போடுவாங்கன்னு சின்னம்மா சொல்லிட்டே வந்துச்சு. சொல்லலைன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். திருப்பிக் கூட்டிட்டுப் போயிரும்னு நெனச்சேன்."

பின்னால் அம்மா யாரு என்னன்னு கேட்கும் சத்தம்.

"சொல்லாமயே சேத்துக்கிட்டாங்க" என்றார்.

அறுபது வருடம்! அறுபது வருடம் அந்தப் பெயரை வாய்க்குள்ளே வைத்துக்கொண்டு! நான் கத்தினேன். தெரிஞ்சுக்கிட்டே ஏம்ப்பா எழுதலை, ஓய்வுபெற்ற பிறகாவது எழுதியிருக்கலாமே, ஆஸ்பத்திரியில ஏன் எழுந்து வந்தீங்க, நான் நாய் மாதிரி அலைஞ்சேனே என்று. மழைவிட்ட தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லலை. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எழுதறது? அந்தப் பொண்ணு மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுச்சு பாரு. அதே மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் அழவில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். பொய் எழுத வேண்டாம்.


மே 12, செவ்வாய்

செருப்பு புதிது வாங்கினேன். கணக்கெடுப்பில் மீதி நாலு வீடு. வீட்டுக்கு வீடு, "உங்களால சொல்ல முடியாட்டிப் பக்கத்துல யாரைக் கேக்கட்டுங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வேலை சீக்கிரம் முடிகிறது.

இல்லத்துக்கு இரண்டாவது கடிதம், பதிவுத் தபாலில். மூன்றாவதும் எழுதி வைத்துவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை.

அம்மா: நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம், அவரே சட்டை தேய்க்கச் சொன்னாரு.


மே 13, புதன்

மூட்டம் இல்லை. அம்மா பதினொரு மணிக்குப் போன் செய்தாள். அதே பெண், அதே மேஜை. அவள் அப்பாவை ஞாபகம் வைத்திருந்து, அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகப் பார்த்தாளாம். இவர் விடவில்லை. "கேளும்மா" என்றாராம்.

"தகப்பனார் பேருங்க ஐயா?"

"சடையன்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாம். அவள் எழுதிக்கொண்டு, "சேத்தாச்சுங்க ஐயா, உள்ளே போங்க" என்றிருக்கிறாள்.

அவர் எழுந்திருக்கவே இல்லையாம். திரும்பி, கூட்டிப்போக யாரோ வருவார்கள் என்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.